வலிக்காத முழங்காலின் எக்ஸ்ரே

என் இடது முழங்காலில் ஒரு கோளாறும் இல்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தீர்ப்பு வந்தது. தீர்ப்புச் சொன்னவர் என் வீட்டுக்காரர். அவர் டாக்டர் இல்லை. கம்பவுண்டர்கூட இல்லை. அச்சகத்தில் ஃபிலிம் சரிபார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

இதை நான் முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எனக்கும் மனசு கொஞ்சம் ஆறும்.

அவர் எட்டு வருஷம் ஈய எழுத்துகளைக் கோர்த்தார். ஈய எழுத்து எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பித்தான் இருக்கும். அதன் பிறகு இருபத்திரண்டு வருஷம் ஃபிலிம். அடியில் விளக்கு எரிகிற ஒரு கண்ணாடி மேசை. லைட் டேபிள் என்பார்கள். அதன்மேல் ஃபிலிமை விரித்து, ஒரு கண்ணில் லென்சை வைத்துக்கொண்டு, தூசி விழுந்திருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. எழுத்து நேராக நின்றாலும் திரும்பி நின்றாலும் அவருக்கு ஒன்றுதான். பேப்பரைத் தலைகீழாகக் கொடுத்தாலும் படித்துவிட்டு மடித்து வைப்பார்.

அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஃபிலிம் போனது. ஃபிலிமோடு அவரும் போனார். போகும்போது பிரிவு உபசாரமாக அந்த லைட் டேபிளைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். மற்ற ஊர்களில் கைக்கடிகாரம் கொடுப்பார்களாம். ஆறு பேர் சேர்ந்து அதை மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்து முன்னறையில் வைத்தார்கள். இருந்த ஒரே சோபா சமையலறைக்குப் போனது. அன்றிலிருந்து நான் சோபாவில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறேன்.

மேசை வந்த பத்தாம் நாள், எதிர் வீட்டு வேன் டிரைவர் ஒரு எக்ஸ்ரே கவரோடு வந்தார்.

"சார், உங்ககிட்டதான் லைட்டு மேசை இருக்கு. கொஞ்சம் பாருங்களேன். ஜன்னல்ல வெச்சா சரியாத் தெரியல."

அவ்வளவுதான். அன்று முதல் எங்கள் வீடு கிளினிக் ஆனது. தெருவில் யாருக்கு எங்கே படம் எடுத்தாலும், டாக்டர் பார்த்த பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு தடவை வரும். இவர் லென்சை மாட்டுவார். விளக்கைப் போடுவார். ஃபிலிமைக் கட்டைவிரலால் தடவி, மருந்து பூசின பக்கம் எது என்று பார்த்து, அந்தப் பக்கத்தைக் கீழே வைப்பார். அச்சகத்தில் அப்படித்தான் வைப்பார்களாம். பிறகு "ம்ம்ம்" என்று இழுப்பார். அந்த "ம்ம்ம்"முக்காகவே ஆட்கள் மூன்று மாடி ஏறி வருகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

ஸ்கேன்களைப் பற்றி அவரிடம் ஒரு சித்தாந்தம் உண்டு. வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார்.

"இந்தா பாருங்க, ரொம்ப சுலபம். எக்ஸ்ரே எலும்புக்கு. அல்ட்ரா சவுண்டு வயித்துக்கு. சி.டி. தலைக்கு. எம்.ஆர்.ஐ. வந்து, எங்க வலிக்குதுன்னே தெரியாதவங்களுக்கு."

ஒரு தடவை அதே டிரைவர் வயிற்று ஸ்கேன் படத்தைக் கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளையில், மழை நாளில் டிவி பார்த்ததுபோல ஒரு படம். நடுவில் உருண்டையாக ஏதோ இருந்தது. இவர் ஐந்து நிமிஷம் லென்சை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துக்கள். குழந்தை நல்லா இருக்கு."

"சார், இது என் வயிறு."

"உங்க வயிறா?"

"பித்தப்பைல கல்லுன்னு டாக்டர் சொன்னாரு."

"அதைத்தான் சொன்னேன். கல்லு நல்லா வளர்ந்திருக்கு."

இப்படிப்பட்டவரிடம்தான் என் முழங்கால் போய் மாட்டியது.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. எங்கள் மாடிக்குப் படி ஐம்பத்து நாலு. அதாவது என் வயதைவிட மூன்று படி அதிகம் ஏறிக்கொண்டிருக்கிறேன். இடது முழங்கால் ஆறு மாதமாகவே முனகிக்கொண்டிருந்தது. முதலில் இறங்கும்போது வலித்தது. பிறகு ஏறும்போதும் வலித்தது. கடைசியில் படியை நினைத்தாலே வலித்தது. கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டால், அது இல்லாமலே சமைத்துவிடலாம் என்று முடிவு பண்ணுவேன். அப்படியே உப்பில்லாமலும் ஒரு நாள் சமைத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குக் கவலையாகிவிட்டது. நாக்குக்கு ஏதாவது ஸ்கேன் உண்டா என்று யோசித்தேன்.

இந்த நேரத்தில்தான் தரைத்தளத்து வீடு காலியானது.

வீட்டுச் சொந்தக்காரம்மா முதல் மாடியில் இருக்கிறார். நாங்கள் ஓனரம்மா என்போம். புதன்கிழமை காலையில் மூச்சு வாங்க மேலே வந்தார்.

"உனக்கு முழங்கால் வலின்னு சொல்லிட்டிருந்தியே. கீழ் வீடு காலி. முதல்ல உங்களுக்குத்தான் கேக்கறேன். ஞாயித்துக்கிழமை காலைல நல்ல பதிலா சொல்லிடுங்க. இன்னொரு பார்ட்டி காத்திட்டிருக்காங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. படியில்லாத வீடு. வாசலைத் தாண்டினால் தெரு.

"அம்மாவுக்குத் தோள் எப்படி இருக்கு?" என்றார் இவர், பேச்சை மாற்ற.

ஓனரம்மா மூன்று மாதம் முன்னால் இரண்டு தோளும் தெரிகிற ஒரு எக்ஸ்ரேயை இவரிடம் காட்டியிருந்தார். இடது தோள்தான் தேய்ந்திருக்கிறது, அதில் தைலம் தேயுங்கள் என்று இவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"தைலம் போட்டுட்டுதான் இருக்கேன் சார். இப்ப எவ்வளவோ பரவாயில்ல."

இவர் என்னைப் பார்த்தார். பார்த்தாயா என்கிற பார்வை.

ஓனரம்மா இறங்கிப் போனதும் நான் ஆரம்பித்தேன்.

"ஏங்க, கீழ போயிடலாங்க."

"மேசை?"

"மேசையும் வரும்."

"கீழே வெளிச்சம் இருக்காதே."

"மேசைக்குள்ளயே விளக்கு இருக்குல்ல. அது எதுக்கு?"

"காத்து வராது."

"படம் பாக்க எதுக்குக் காத்து?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு உண்மையான காரணம் தானாக வெளியே வந்தது.

"இதோ பாரு. மூணு மாடி ஏறி வந்தாத்தான் ஒரு மரியாதை. கீழே இருந்தா போறவன் வர்றவன் எல்லாம் ஜன்னல் வழியா படத்தை நீட்டுவான். பால் பாக்கெட் வாங்கிற மாதிரி ஆயிடும்."

"என் முழங்கால்?"

"முதல்ல படம் எடு. படம் என்ன சொல்லுதோ அதுதான். படத்துல இருந்தா போகலாம். இல்லேன்னா இல்ல. நான் ஞாயமா சொல்றேன்."

நியாயமாகத்தான் பட்டது. வியாழக்கிழமை டாக்டரிடம் போனேன். அவர் முழங்காலைப் பிடித்து மடக்கி நீட்டி, நிற்க வைத்து எக்ஸ்ரே எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் சென்டர் நடைவழியில் வரிசையாகக் கதவுகள். ஒரு கதவின்மேல் சிவப்பு விளக்கு. ஒரு கதவில் காந்தத்தின் படம் போட்டு, உள்ளே வராதே என்று கை காட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் நான் சுவரோரமாக ஒதுங்கி நடந்தேன். எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கம் தெரிந்தது.

"ஏம்மா, நின்னுக்கிட்டே எடுக்கணுமா? நிக்கத்தானே முடியல."

"நின்னா உங்க வெயிட்டு முழங்கால்ல இறங்கும்மா. ரெண்டு எலும்புக்கு நடுவில எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்குன்னு அப்பத்தான் தெரியும். படுத்தா நல்லா இருக்கற மாதிரியே காட்டும்."

"என் வீட்டுக்காரர் மாதிரி."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நான் விடவில்லை. எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது.

"இதுல ஏதோ கதிர் வருமாமே. ஒண்ணும் ஆகாதே?"

"ஒரு முழங்காலுக்கு ரொம்பக் கொஞ்சம்தான்மா. பயப்படாதீங்க. ஆனா சும்மா சும்மாவும் எடுக்கக்கூடாது."

"அந்தக் காந்த ரூம்ல எடுத்தா இன்னும் நல்லாத் தெரியுமா?"

"அது எம்.ஆர்.ஐ. அதுல கதிரே கிடையாது. காந்தம்தான். ஜவ்வு, தசைநார், நரம்பு, முதுகெலும்புத் தட்டு, இதெல்லாம் தெரியும். அரை மணி நேரம் அசையாம படுக்கணும். தோடு, ஊக்கு, சாவி எதுவும் உள்ளே வரக்கூடாது. சத்தம் வேற தடதடன்னு இருக்கும்."

"அப்ப சி.டி.?"

"அதுவும் எக்ஸ்ரேதான்மா. சுத்திச் சுத்தி எடுக்கும். ரொட்டியைத் துண்டு போட்ட மாதிரி உள்ளே ஒவ்வொரு துண்டாக் காட்டும். அடிபட்டு வந்தா, மண்டைக்குள்ள ரத்தம் கசியுதான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். நுரையீரலுக்கும் எடுப்பாங்க."

"வயித்துல ஜெல்லு தடவறது?"

"அது சத்தம். கிணத்துல கூப்பிட்டா திரும்பக் கேக்குதுல்ல, அந்த மாதிரி. நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்தை உள்ளே அனுப்பி, திரும்பி வர்றதை வெச்சுப் படம் போடும். குழந்தை, பித்தப்பைக் கல்லு, சிறுநீரகம் எல்லாம் பாக்கலாம்."

நான் எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டேன். நான் படித்தது ஏழாம் வகுப்புவரைதான். அதனாலேயே யாராவது எதையாவது புரிகிற மாதிரிச் சொன்னால் விடமாட்டேன்.

"அப்ப எதுக்கும் நாலையும் எடுத்துடேன்மா. எனக்கும் நிம்மதி."

"அம்மா, இது ஹோட்டல் இல்ல, எல்லாத்துலயும் ஒண்ணு வைங்கன்னு சொல்றதுக்கு. டாக்டர் ஒரு கேள்வி கேட்டிருக்காரு. எலும்புக்கு நடுவில இடைவெளி இருக்கான்னு. அந்தக் கேள்விக்கு எக்ஸ்ரே பதில் சொல்லும். மத்ததெல்லாம் வேற வேற கேள்விக்கு."

படம் எடுத்து முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் லீவு. செவ்வாய்க்கிழமைதான் ரிப்போர்ட் வரும் என்றாள். ஃபிலிமை மட்டும் கையில் கொடுத்தாள்.

ஓனரம்மா பதில் கேட்டது ஞாயிறு. ரிப்போர்ட் செவ்வாய். நடுவில் என் முழங்காலுக்கு ஒரே நீதிபதிதான். என் கூடக் குடித்தனம் நடத்துகிறவர்.

வெள்ளிக்கிழமை காலை. லென்ஸ் மாட்டினார். விளக்கைப் போட்டார். மேசை உர்ர்ர் என்றது. ஃபிலிமைக் கட்டைவிரலால் தடவினார். ஒரு புரட்டுப் புரட்டி வைத்தார்.

"ம்ம்ம்."

நான் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்தக் கால் வலிக்குதுன்னு சொன்னே?"

"இடது."

"இடது முழங்கால் சூப்பர். கண்ணாடி மாதிரி இருக்கு. இடைவெளியைப் பாரு, விரலையே விடலாம். எதிர்ல நிக்கற ஆள் மாதிரி பாக்கணும், நம்ம இடது பக்கம் தெரியறது உன் வலது. அதுதான் போச்சு. எலும்பும் எலும்பும் ஒட்டிக்கிட்டு நிக்குது."

"வலது வலிக்கவே இல்லையே."

"அதான் சொல்றேன். வலிக்கிற கால் நல்லா இருக்கு. வலிக்காத கால் கெட்டுப் போயிருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்? தேஞ்சதுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்ல. உன் வலி எல்லாம் மனசுல. மனசு மூணாவது மாடில இருந்தா என்ன, கீழே இருந்தா என்ன?"

நான் குனிந்து பார்த்தேன். தேய்ந்த முழங்காலுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த எழுத்தைத் தெரியும். என் நைட்டியின் கழுத்துப் பட்டியில் அது இருக்கிறது. கடைக்காரரிடம் அதைக் காட்டித்தான் அடுத்த நைட்டி வாங்குவேன். ஆனால் இங்கே அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, அந்த எழுத்து என்ன? என் நைட்டில இருக்கற மாதிரி இருக்கு."

"அதேதான். படத்தோட சைஸ். பெருசு."

"திரும்பி நிக்குதே."

"இந்தா, முப்பது வருஷம் எழுத்தோட குடித்தனம் நடத்தினவன் நான். எழுத்து தெளிவா இருக்கா, தூசி இருக்கா, அதைத்தான் பாக்கணும். என்ன எழுதியிருக்கு, எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாக்கறது நம்ம வேலை இல்ல."

நைட்டி எழுத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷ அனுபவத்தோடு வாதாட முடியுமா? ஃபிலிமை எடுத்துக் கவரில் போட்டேன்.

கவலைக்காரிக்கு ஒரு விசேஷம் உண்டு. எந்தக் கவலையைக் கொடுத்தாலும் வீணாக்க மாட்டாள். அன்று மத்தியானமே என் வலது காலை ஒரு தினுசாக ஊன்ற ஆரம்பித்தேன். இத்தனை நாளாக அதை நம்பித்தானே இடதை இழுத்துக்கொண்டு திரிந்தேன். உள்ளே எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொண்டு நிற்கிறதாம். வெளியே ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறது. அழுத்திப் பார்த்தேன். வலிக்கவில்லை. வலிக்காதது இன்னும் பயமாக இருந்தது. அவர் கடைக்குப் போன நேரம் பார்த்துத் தைலப் பாட்டிலை எடுத்து வலது முழங்காலில் அரை மணி நேரம் தேய்த்தேன். சனிக்கிழமை காலையில் எழுந்ததும் இன்னொரு தரம் தேய்த்தேன். தேய்த்த தேய்ப்பில் அதுவும் வலிக்க ஆரம்பித்தது. இடது கால் அதைப் பார்த்துப் பொறாமையில் இன்னும் கொஞ்சம் வலித்தது.

பத்து மணிக்குப் பொறுக்க முடியாமல் ஃபிலிமை எடுத்துக்கொண்டு ஐம்பத்து நாலு படியும் இறங்கினேன். கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில், நண்டு மாதிரி.

எக்ஸ்ரே பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். நான் ஃபிலிமை இவர் வைத்த மாதிரியே பிடித்துக் காட்டினேன்.

"இந்தக் காலா போச்சு? எனக்கு அந்தக் கால்ல வலிக்கவே இல்லையேம்மா."

அவள் கையை நீட்டினாள். என் கையில் இருந்த ஃபிலிமை வாங்கி, தோசையைத் திருப்புவதுபோல ஒரு திருப்புத் திருப்பி, மறுபடி என் கையில் கொடுத்தாள்.

நைட்டி எழுத்து நேராக நின்றது.

"இது சைஸ் இல்லம்மா?"

"சைஸா? ஈயத்துல செஞ்ச எழுத்தும்மா. படம் எடுக்கும்போது நான்தான் பக்கத்துல ஒட்டி வைக்கறேன். இது இடது பக்கம்னு அடையாளம். இந்த எழுத்து எந்த முழங்கால் பக்கத்துல இருக்கோ அது உங்க இடது. எழுத்து நேரா நின்னா படம் நேரா இருக்கு. திரும்பி நின்னா படத்தைத் திருப்பி வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"அப்ப தேஞ்சது..."

"உங்களுக்கு எங்க வலிக்குதோ அங்கதான். எவ்வளவுன்னு ரிப்போர்ட்ல வரும். யாரு வலதுன்னு சொன்னது?"

"முப்பது வருஷ அனுபவஸ்தர்."

எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம் தாங்கவில்லை. என் முழங்கால் பொய் சொல்லவில்லை. அடுத்த நிமிஷமே புதுக் கவலை வந்து உட்கார்ந்துவிட்டது. இவர் எல்லாப் படத்தையும் இப்படித்தானே புரட்டி வைக்கிறார். அப்படியானால் ஓனரம்மாவின் தோள்? மூன்று மாதமாக அந்த அம்மா இடது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாரே. தேய்ந்தது வலதாக இருந்தால்? நம்மைக் குடிவைத்திருக்கிற புண்ணியவதி. அவருக்குத் தெரிந்தால் கீழ் வீடு என்ன, மேல் வீடும் போய்விடும்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஒவ்வொரு படியிலும் நின்று யோசித்தேன். இவரிடம் நேரே சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் தப்பை ஒத்துக்கொண்டது ஒரே ஒரு தடவை. அதுவும் அந்தத் தப்பைச் செய்தது நான் என்று சொல்லித்தான். அந்த எக்ஸ்ரே பெண்ணுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்பார். ஞாயிறு போய்விடும். செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்து என் கட்சி ஜெயிக்கும்போது, கீழ் வீட்டில் வேறு யாரோ பால் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள்.

நாற்பத்தோராவது படியில் எனக்கு யோசனை வந்தது. கவலையே யோசனையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓனரம்மா வந்தார். இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"வாங்கம்மா. நாங்க யோசிச்சுப் பார்த்தோம். மேலேயே இருந்துக்கறோம். படத்துல இவளுக்கு வலிக்கிற கால்ல ஒண்ணும் இல்ல. எல்லாம் மனசு."

"அப்படியா? சார் பார்த்துட்டா சரிதான்" என்றார் ஓனரம்மா. "அப்ப அந்தப் பார்ட்டிக்குச் சொல்லிடறேன்."

"ஒரு நிமிஷம்மா" என்றேன். "அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சின்ன சந்தேகம். அதை மட்டும் தீர்த்துக்கறேன்."

மேசை விளக்கைப் போட்டேன். உர்ர்ர். என் ஃபிலிமை எடுத்து, அவர் வைக்கிற மாதிரியே வைத்தேன்.

"இப்படித்தானே வெச்சீங்க?"

"ஆமா."

"இந்த எழுத்து என் நைட்டி எழுத்து."

"அதான் சைஸுன்னு சொன்னேனே."

"என் நைட்டில இது இந்தப் பக்கம் பாக்கும்." என் கழுத்துப் பட்டியை இழுத்துக் காட்டினேன். பிறகு ஃபிலிமைத் திருப்பி வைத்தேன். "இப்ப சரியா நிக்குது. ஸ்கேன் சென்டர் பொண்ணு சொல்லிச்சு. இது சைஸ் இல்லையாம். இடதுன்னு அடையாளமாம். எழுத்து நேரா நின்னாத்தான் படம் நேராம்."

அவர் மேசையைப் பார்த்தார். என் நைட்டியைப் பார்த்தார். மறுபடி மேசையைப் பார்த்தார். அவர் மடையர் இல்லை. எனக்கு ஒரு நாள் ஆனது அவருக்கு ஒரே விநாடியில் புரிந்துவிட்டது. முதலில் காது சிவந்தது. அப்புறம் கழுத்து. தெருவில் உள்ள அத்தனை கைகளும் கால்களும் தோள்களும் அவர் கண்முன் ஒருமுறை இடம் மாறிப் போயிருக்க வேண்டும்.

"என்ன சார் பாக்கறீங்க?" என்றார் ஓனரம்மா.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன் நான். "உங்க தோள் படம் வீட்லதானே இருக்கு? அதையும் ஒரு தடவை இப்படி வெச்சுப் பாக்கச் சொல்லலாமான்னு..."

"பீரோ மேலதான் கெடக்கு. எடுத்துட்டு வரட்டா?" என்று ஓனரம்மா எழுந்துவிட்டார்.

"வேண்டாம்மா" என்றார் இவர். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. "உக்காருங்க. எதுக்கு ஏறி இறங்கறீங்க. படி ஏறுறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கா?" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் என்ன சொல்ல வந்தேன்னாம்மா, படத்துல ஒண்ணும் இல்லதான். ஆனா இவளுக்கு மனசுல வலி. மனசு வலின்னா சும்மாவா? ரெண்டு நாளா யோசிச்சேன். பாவம், நம்மை நம்பி வந்தவ. கீழ் வீட்டை நாங்களே எடுத்துக்கறோம்."

"நல்ல மனசு சார் உங்களுக்கு" என்றார் ஓனரம்மா.

"ஏங்க, மேசை?" என்றேன்.

"வரும்."

"வெளிச்சம்?"

"உள்ளேயே விளக்கு இருக்குல்ல" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் இருவருமே போனோம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இடது முழங்கால்ல இடைவெளி குறைஞ்சிருக்கு. கொஞ்ச நாளைக்குப் படியைக் குறைச்சுக்கங்க. இந்தப் பயிற்சியை தினம் செய்யுங்க. இப்போதைக்கு எம்.ஆர்.ஐ. எல்லாம் வேண்டாம்" என்றார். இவர் கூரையில் இருந்த மின்விசிறியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தூசி இருக்கிறதா என்று.

புதன்கிழமை வீடு மாறினோம். மேசை இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. இவர் அதன் ஒரு மூலையைத் தாங்கிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றார். மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. நான் கீழ் வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "மெதுவாங்க, எழுத்து எந்தப் பக்கம் நிக்குதுன்னு பார்த்துத் திருப்புங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கவலையில்தான் சொன்னேன்.

கீழ் வீட்டில் ஒரு நன்மை. அரிசியில் கல் பொறுக்க லைட் டேபிளைவிட நல்ல மேசை உலகத்தில் கிடையாது. அடியில் விளக்கைப் போட்டுப் பரப்பினால் ஒரு கல் தப்பாது. லென்சும் கையில் இருப்பதால் அந்த வேலையை இவரிடமே கொடுத்துவிட்டேன். சோபாவும் முன்னறைக்கு வந்துவிட்டது.

ஒரு வாரம் ஆனது. யாரும் படம் கொண்டுவரவில்லை. எனக்கோ ஓனரம்மாவின் தோள் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா இன்னும் தப்பான தோளில் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பாவம் எனக்குத்தானே. ஒரு நாள் சாயங்காலம் டீ குடிக்க வந்தவரிடம், இவர் அரிசியில் மும்முரமாக இருக்கும்போது, மெல்லக் கேட்டேன்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. தைலம் எந்தத் தோள்ல தேய்க்கறீங்க?"

"வலதுலதான்."

"அவரு இடதுன்னுல்ல சொன்னாரு?"

"சொன்னாரு. எனக்கு வலிக்கிறது வலதாச்சே. டாக்டரும் வலதுன்னுதான் சொன்னாரு. படத்துல தெரியுதுன்னு நல்ல தோள்ல போய்த் தைலம் தேய்க்க நான் என்ன பைத்தியமா?"

மேசைப் பக்கம் அரிசி நகர்வது நின்றது.

"அப்ப எதுக்கும்மா படத்தைத் தூக்கிட்டு ரெண்டு மாடி ஏறி வந்தீங்க?"

"எனக்குச் சர்க்கரை. தினம் கொஞ்சம் படி ஏறி இறங்குன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சும்மா ஏறி எங்க போறது? சார் இருந்தாரு. நல்ல காத்து. நீ டீ கொடுப்பே. எதிர் வீட்டு டிரைவரும் அதுக்குத்தான் வருவாரு. கல்லுக்கு வாழ்த்து சொன்னதை நினைச்சு ஒரு வாரம் சிரிச்சாராம், வலியே தெரியலையாம்."

இவர் கண்ணில் இருந்து லென்சைக் கழற்றினார்.

"அப்ப நான் சொன்னதை இந்தத் தெருவில யாருமே நம்பலையா?"

"யாராவது நம்புவாங்களா சார்?" என்றார் ஓனரம்மா, கனிவாக.

அவர் லென்சைச் சட்டைப் பையில் போட்டார். மூன்றாம் மாடியை, காற்றை, மரியாதையை எல்லாம் எதைக் காப்பாற்ற விட்டுக்கொடுத்தார் என்று யோசித்திருப்பார். நான் சோபாவுக்கு அடியில் தெரிந்த தைலப் பாட்டிலைக் காலால் மெதுவாக உள்ளே தள்ளினேன். நல்ல காலுக்கு இரண்டு நாள் தேய்த்ததில் அது பாதி காலியாகியிருந்தது.